முதல் ரோடு பைக்: எடையை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லானுக்கு முதல் ரோடு பைக் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் செய்வது, சைக்கிளைத் தூக்கிப் பார்ப்பதுதான். லேசாக இருந்தால் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை. மலையேற்றத்தில் அது ஓரளவு சரி. ஆனால் முதல் போட்டியில் சைக்கிள் பகுதி பெரும்பாலும் 20 அல்லது 40 கிலோமீட்டர் சமதளம். அங்கே எதிராளி காற்று.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக ஏறத்தாழ 150 வாட் வேண்டும். அதில் 110 வாட் காற்றைத் தள்ளவே போய்விடும். மீதியில் பெரும்பங்கு டயர் உருள்வதற்கு. சைக்கிளில் 1 கிலோ குறைத்தால் மிச்சமாவது அரை வாட்கூட இல்லை. 5 சதவீத ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் போனாலும் 2 வாட்தான். இதற்காகக் கார்பன் ஃபிரேமுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நல்ல அலுமினியம் போதும்.

வேகம் இரட்டித்தால் காற்றுக்குக் கொடுக்கும் வாட் எட்டு மடங்காகும். அந்தத் தடையில் சுமார் முக்கால் பங்கு உங்கள் உடம்பால் வருவது, சைக்கிளால் அல்ல. பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1989-இன் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட், முன்னணியில் இருந்த லோரன் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். ட்ரையத்லான்காரர்கள் பயன்படுத்தி வந்த, ஹேண்டில்பாரிலிருந்து முன்னோக்கி நீளும் கம்பியான ஏரோபாரில் முன்கைகளை ஊன்றி, உடம்பை ஒடுக்கி 24.5 கி.மீ. ஓட்டினார். மொத்தக் கணக்கில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் அவருக்கே.

ஆக, நெடுநேரம் வலியில்லாமல் குனிந்திருக்க விடும் சைக்கிள்தான் உங்களுக்கு வேகமான சைக்கிள். 54, 56 என்ற ஃபிரேம் அளவை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெடல் கைகள் ஃபிரேமில் சுழலும் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்பக்க மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி என்று பாருங்கள். முதலாவது ஸ்டாக், அடுத்தது ரீச். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தொடை வயிற்றில் இடித்தாலோ மூச்சு முட்டினாலோ அந்த சைக்கிள் வேண்டாம். இறங்கியதும் ஓட வேண்டுமே!

ஏரோபாரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். அதில் கைவைத்தால் பிரேக் எட்டாது என்பதால், வளைவுகளும் கூட்டமும் பழகட்டும். வாங்கும்போதே 28 மி.மீ. அகல டயர் நுழையுமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கரடுமுரடான சாலையில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டினால், உங்களைக் குலுக்குவதில் வீணாகும் சக்தி மிச்சம்.