எக்ஸ்பாத் மேல் பழி போடுவதற்கு முன்

பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் ஆட்டோமேஷன் டெஸ்ட் மெதுவாக ஓடினால், எக்ஸ்பாத்தை எல்லாம் சிஎஸ்எஸ் செலக்டராக மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே பக்கத்தில் உள்ள ஓர் எலிமெண்ட்டை (பட்டன், டெக்ஸ்ட் போன்ற பகுதியை) தேடி எடுக்க எழுதும் முறைகள். இன்றைய பிரவுசர்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில மில்லிசெகண்டுதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்பாத் நிஜமாகவே மெதுவாக இருந்தது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை.

பிரவுசரை இயக்கும் டெஸ்ட் கருவியான செலினியத்தில் முதலில் பார்க்க வேண்டியது இம்ப்ளிசிட் வெயிட், அதாவது எலிமெண்ட் கிடைக்கும்வரை ஒவ்வொரு தேடலும் அதிகபட்சம் காத்திருக்கும் நேரம். அதை 10 விநாடி என்று வைத்தால், இருக்கிற எலிமெண்ட் உடனே கிடைத்துவிடும். இல்லாததைத் தேடும்போதுதான் வினை. 'எரர் மெசேஜ் வரவில்லை' என்று சரிபார்க்கும் ஒவ்வொரு வரியும் முழு 10 விநாடியைத் தின்றுவிட்டுத்தான் காலிப் பட்டியலைத் தரும். அப்படி 30 இடம் இருந்தால் 5 நிமிடம் போச்சு.

இம்ப்ளிசிட் வெயிட்டை 0 ஆக்கி, தேவையான இடத்தில் மட்டும், குறிப்பிட்ட ஒரு நிலை வரும்வரை காத்திருக்கும் எக்ஸ்பிளிசிட் வெயிட் போடுங்கள். இரண்டையும் கலந்தால் டைம்அவுட் எப்போது வரும் என்று கணிக்கவே முடியாது. பழைய டெஸ்ட்களில் ஃபைல் ஃபைலாக மாற்றுவது நல்லது; இம்ப்ளிசிட் வெயிட்டை நம்பி ஓடிக்கொண்டிருந்தவை அப்போது விழும். இன்னொன்று: 0 ஆக்கியபின், எரர் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டு டெஸ்ட் பொய்யாக பாஸ் ஆகலாம். லோடிங் ஐகான் மறைவது போன்ற ஓர் அடையாளத்துக்குக் காத்திருந்து, பிறகு தேடுங்கள்.

அடுத்த விரயம் போக்குவரத்து. ஒவ்வொரு தேடலும், ஒவ்வொரு டெக்ஸ்ட் வாசிப்பும், டெஸ்ட்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் இருக்கும் டிரைவருக்குப் போகும் தனி ரிக்வெஸ்ட். 200 ரோ, ரோவுக்கு 5 செல் உள்ள டேபிளை லூப்பில் படித்தால்: ரோக்களை எடுக்க 1, செல்களை எடுக்க 200, டெக்ஸ்ட் வாசிக்க 1000, ஆக 1201 ரிக்வெஸ்ட். ஒன்றுக்கு 50 மில்லிசெகண்ட் ஆகும் ரிமோட் கிரிட்டில் (பிரவுசர்கள் வேறு மெஷின்களில் ஓடும் அமைப்பில்) இது ஒரு நிமிடம். அதையே ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்டாக அனுப்பி, எல்லாச் செல்லின் 'இன்னர்டெக்ஸ்ட்' மதிப்பையும் ஒரே பட்டியலாக வாங்கினால் ஒரு ரிக்வெஸ்ட்தான். 'டெக்ஸ்ட்கன்டென்ட்' எடுத்தால் மறைந்திருக்கும் எழுத்தும் சேர்ந்து வரும், ஒப்பீடு தவறும்.

ரோவுக்குள் தேடுவதாக நினைத்து எக்ஸ்பாத்தை // என்று தொடங்கினால் பக்கம் முழுவதும் தேடும். வேகம் போவது ஒருபுறம். எல்லா ரோவுக்கும் முதல் ரோவின் மதிப்பே வந்து நிற்கும். முன்னால் ஒரு புள்ளி வைத்து .// என்று எழுதுங்கள்.

எடுத்த எலிமெண்ட்டை வேரியபிளில் வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், ஹெடர், மெனு போல அடிக்கடி மாறாதவற்றுக்கு மட்டும். திரும்ப வரையப்படும் பகுதியில் அதைச் செய்தால் 'வைத்திருக்கும் எலிமெண்ட் இப்போது பக்கத்தில் இல்லை' என்னும் ஸ்டேல் எலிமெண்ட் எரர்தான் மிஞ்சும்.