கண்டக்டர் தாளம் காட்டாதபோது யாரைப் பார்த்து வாசிப்பது?

பரிசோதனை இசைக் குழுக்களை மேடைக்குத் தயார் செய்வது என் தொழில். நோட்ஸ் (எழுதிவைத்த இசைக்குறிப்பு) பார்த்து வாசித்துப் பழகியவர்கள் முதல் ஒத்திகையிலேயே தவித்துப்போகிறார்கள். முன்னால் நின்று குழுவை நடத்தும் கண்டக்டர் கை அசைக்கிறார், ஆனால் அதில் தாளம் இல்லை. இந்தக் குழப்பம் நியாயமானது. முன்கூட்டியே பேசிவிட்டால் பெருமளவு தவிர்க்கவும் கூடியது.

1958-இல் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா படைப்பை நடத்தியவர் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம். அவருடைய கைகள் கடிகார முள்போலச் சுழன்று நேரத்தை மட்டும் காட்டின. 1985-இல் அதே ஊரில் இசைக்கலைஞர் புட்ச் மோரிஸ் தொடங்கிய 'கண்டக்‌ஷன்' முறை வேறு மாதிரி. எழுதிவைத்த இசை எதுவும் தேவையில்லை. கலைஞர்கள் மனோதர்மமாக வாசிப்பதை அவர் சைகைகளால் நீட்டுவார், நிறுத்துவார், திரும்பக் கேட்பார். வாசிப்பில் ஓர் இடம் அவருக்குப் பிடித்துவிட்டால் நெற்றியில் கை வைத்து, விரல்களால் ஓர் எண் காட்டுவார். பத்து நிமிடம் கழித்து அதே எண்ணைக் காட்டினால், முன்பு அந்த இடத்தில் வாசித்ததையே மீண்டும் வாசிக்க வேண்டும். அதனால் தன் கை என்ன வாசிக்கிறது என்பதை வாசிப்பவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் துறையிலேயே கடினமான வேலை இதுதான் என்பேன்.

இசையமைப்பாளர் ஜான் ஸோர்ன் விளையாட்டு விதிகள்போல அமைத்த 'கோப்ரா'வில் (1984) அதிகாரம் கைமாறுகிறது. வாசிப்பவர் காதையோ மூக்கையோ தொட்டு, விரலால் எண் காட்டி, அடுத்து என்ன வரவேண்டும் என்று கேட்கிறார். நடுவில் இருப்பவர் ஒப்புக்கொண்டால் அதற்குரிய அட்டையைத் தூக்குவார். அட்டை இறங்கும் கணத்தில் இசை மாறும். தலையில் பட்டை கட்டிக்கொண்டு அவருக்குக் கட்டுப்படாமல் வாசிக்கவும் விதியில் இடம் உண்டு.

1964-இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா கேஜின் வேறொரு படைப்பை எடுத்தபோது, கண்டக்டர் இடத்தில் ஓர் இயந்திரக் கடிகாரம் இருந்தது. கலைஞர்கள் பலர் மனம் ஒப்பவில்லை. மேடையிலேயே அந்த எதிர்ப்பைக் காட்டினார்கள். எத்தனை நுட்பமான முறையாக இருந்தாலும் வாசிப்பவரின் சம்மதம் இல்லாவிட்டால் அது நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, இப்படி ஒரு குழுவில் சேரப்போகிறீர்கள் என்றால் சைகைகளை ஒத்திகைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். முதல் நாளுக்கு ஏழெட்டு போதும். என் அனுபவத்தில் தவறுகள் அதிகம் நடப்பது ஒரே இடத்தில்தான்: சைகையைப் பார்த்ததும் வாசித்துவிடுவார்கள். இசையமைப்பாளர் வால்டர் தாம்ப்சன் உருவாக்கிய 'சவுண்ட்பெயின்டிங்' என்ற சைகை முறையில் யார், என்ன, எப்படி, எப்போது என்று வரிசையாகச் சைகை வரும். தலைக்கு மேல் கைகளை வளைத்தால் குழு முழுவதும். விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து இருபுறமும் இழுத்தால் நீண்ட ஸ்வரம். 'எப்போது' வரும்வரை யாரும் ஒலி எழுப்பக் கூடாது. இந்தக் காத்திருப்பை மட்டும் வாத்தியம் இல்லாமல், கைதட்டலில் தனியாகப் பழகுங்கள். அப்புறம், சைகை புரியவில்லை என்றால் என்ன செய்வது, மறுக்கலாமா, எப்படி மறுப்பது என்பதையும் அன்றைக்கே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.