குளோன், நகல், பதியம்

திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் முதுகலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறாள். ஆய்வேட்டுக்குத் தமிழில் ஒரு சுருக்கம் எழுத வேண்டுமாம். “மாமா, டிஎன்ஏ குளோனிங்குக்கு மரபணு நகலாக்கம்னு போட்டிருக்கேன். சரிதானே?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா, “குளோனிங்னா என்னம்மா?” என்று கேட்டார். “ஒண்ணுல இருந்து அச்சு அசலா அதையே உண்டாக்குறதுப்பா.” “அட, பதியன் போடுறது. இதைப் படிக்கவா இவ்வளவு ஃபீஸு?”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடமே அதுதான். கிரேக்கத்தில் ‘குளோன்’ என்றால் சிறு கிளை, ஒடித்து நடும் குச்சி. 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கப் பயிர் ஆய்வாளர் இதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். விதை இல்லாமல் குச்சி, கிழங்கு, ஒட்டு வழியாகப் பெருக்கிய செடிக்கூட்டத்துக்கு ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. டாலி ஆட்டுக்குட்டி 1996-இல் பிறந்த பிறகு குளோன் என்றதும் எல்லோருக்கும் ஆடு ஞாபகம் வருகிறது. சொல் என்னவோ தோட்டத்துச் சொல்தான்.

மதுரை மல்லியையே பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. விதை போட்டு இதை யாரும் வளர்ப்பதில்லை. ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து வேர்விட்ட குச்சிகள் கட்டுக்கட்டாக வரும். அதை நம்மவர்கள் நாற்று என்கிறார்கள், விதையே இல்லாவிட்டாலும். ஒரே தாய்ச்செடியில் வெட்டிய குச்சிகள் எத்தனை தோட்டத்தில் நின்றாலும் மரபில் ஒரே செடி. அதுதான் குளோன்.

சரி, ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் செய்து காட்டிய வழி இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நமக்கு வேண்டிய டிஎன்ஏ துண்டை ஒரு நொதியால் வெட்டுகிறார்கள். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு வேதி எழுத்துகள் கோத்த நீண்ட இழை. ஈகோஆர்1 என்ற நொதி ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும்; வெட்டிய முனையில் நாலெழுத்து வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம். அதையும் அதே நொதியால் வெட்டினால் இரண்டின் வால்களும் பொருந்தி ஒட்டும். லிகேஸ் என்ற இன்னொரு நொதி மூட்டை இறுக்கும். இந்த வளையத்தை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தி, ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து கலந்த தட்டில் பரப்பி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்பார்கள். வளையத்தில் ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணுவும் இருப்பதால், அதை வாங்கிய பாக்டீரியா மட்டும் பிழைக்கும். நல்ல ஊட்டம் இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். காலையில் தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லின் வம்சம். குளோன் என்பது அந்தப் புள்ளி.

இதற்கு ‘நகல்’ போதுமா? நகல் அரபியிலிருந்து உருது வழியாகப் பத்திர ஆபீசுக்கு வந்த சொல். அது என் புகார் இல்லை. ‘ஆபீசு’ மட்டும் என்ன தமிழா? நகல் என்றால் மூலம் ஒரு பக்கம் சும்மா கிடக்க, அதைப் பார்த்து எடுத்த தாள். இங்கே துண்டு வேறொரு உயிருக்குள் பதிந்து அதோடு சேர்ந்து பெருகுகிறது. ‘படி’ நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ என்ற வேலைப்பிரதி உண்டாவதைப் படியெடுத்தல் என்று பாடநூல்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டன.

அதனால் என் ஓட்டு பதியத்துக்கு. பேச்சில் பதியன், எழுத்தில் பதியம். வேர்ச்சொல் ‘பதி’. மண்ணில் பதிவதும் அதுதான், பதிப்பு, பதிவு என்று ஒன்றை அப்படியே எடுத்து வைப்பதும் அதுதான். செருகுவது, பெருக்குவது என்ற இரண்டு வேலையையும் ஒரே வேர் சுமக்கிறது. கிளையைத் தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலே வளைத்து மண்ணில் புதைப்பதுதான் பதியம், இங்கே துண்டை முதலிலேயே வெட்டிவிடுகிறீர்களே என்று தாவரவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அவள் சுருக்கத்தில் இன்னொரு சொல்லும் இடித்தது: ‘மரபணு நூலகம்’. ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏவையும் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பதியமாக வைத்திருக்கும் தொகுப்பு அது. மரபணு என்றதும் நினைவுக்கு வருவது புரதம் செய்வதற்கான குறிப்பு; மனித டிஎன்ஏவில் அந்த எழுத்துகள் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அப்படியிருக்க மரபணு நூலகம் என்றால் எப்படி? ‘மரபணுத்தொகுதி நூலகம்’ என்பதே சரி. செல்லில் அப்போது வேலை செய்யும் மரபணுக்களின் ஆர்என்ஏவைப் பிடித்து, அதைத் திரும்ப டிஎன்ஏவாக்கிச் சேர்ப்பது வேறு தொகுப்பு. அதைச் சிடிஎன்ஏ நூலகம் என்பார்கள். மரபணு நூலகம் என்ற பெயர் அதற்குத்தான் ஓரளவு பொருந்தும்.

‘நூலகம்’ மட்டும் அபாரமாக அமைந்துவிட்டது. ஆங்கில லைப்ரரிக்கு மூலமான லத்தீன் சொல் மரத்தின் உள்பட்டையைக் குறித்தது. நமக்கு நூல் என்றால் ஏடு, நூல் என்றால் இழை. சொல்லைப் பஞ்சாகவும் புலவரை அதை நூற்பவராகவும் நன்னூல் பாயிரமே உருவகம் செய்கிறது. டிஎன்ஏவும் இழைதானே?

ஆனால் மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூலகம் மாதிரி இதைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கே அட்டவணை கிடையாது, புத்தகங்கள் கிழிந்த துண்டுகளாகக் கிடக்கும், ஒரே பக்கம் பல இடத்தில் இருக்கும். மனித டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. ஒரு பதியத்தில் 20,000 எழுத்து என்றால் ஒன்றரை லட்சம் பதியம் போதும் என்று வகுத்தல் கணக்கு சொல்லும். துண்டுகள் குருட்டாம்போக்கில் விழுவதால் அது போதாது. வேண்டிய துண்டு கையிலிருக்க 99 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் சுமார் ஏழு லட்சம் பதியங்கள் தேவை.

“அவ்வளவுல நமக்கு வேணும்கிறதை எப்படித் தேடுறது?” என்றார் நண்பர். தேடும் மரபணுவோடு எழுத்துக்கு எழுத்து இணையும் சின்ன இழை ஒன்றில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, தட்டிலிருந்து ஒற்றி எடுத்த தாளில் விடுவார்கள்; அது போய் ஒட்டும் புள்ளி எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும் என்று மகள் சொன்னாள். அந்த இழைக்குப் பெயர் புரோப். ‘துழாவி’ என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.