ஹெட்லெஸ் பிரவுசர் = திரையில்லா உலாவி

வலைச் செயலிகளைத் தானியங்கியாகச் சோதிப்பவர்கள் தினமும் புழங்கும் சொல் 'ஹெட்லெஸ்'. சாளரம் எதையும் திறக்காமல் பின்னணியில் பக்கத்தை ஏற்றி, ஸ்கிரிப்டை ஓட்டி, பொத்தானை அழுத்திப் பார்க்கும் உலாவி இது.

கணினித் துறையில் 'ஹெட்' திரையைக் குறிக்கும். இரண்டு திரைகளை இணைக்கும் கிராஃபிக்ஸ் கார்டை 'டூயல் ஹெட்' என்பார்கள். திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஓடும் சர்வர் 'ஹெட்லெஸ்' சர்வர். அங்கிருந்துதான் சொல் உலாவிக்கு வந்தது. ஆகவே 'தலையற்ற உலாவி' என்றால் பொருள் விளங்காது. 'காட்சியில்லா உலாவி'யும் பொருந்தாது, ஏனெனில் பக்கம் உள்ளே முழுமையாக வரையப்படுகிறது, ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்கலாம். 'திரையில்லா உலாவி' என்பதே சரி.

2011இல் வந்த ஃபேன்டம்ஜேஎஸ் என்ற திரையில்லா உலாவி இவ்வகையைப் பரவலாக்கியது. 2017இல் குரோம் 59 இந்த வசதியைத் தானே கொண்டுவந்தது. மறு ஆண்டே ஃபேன்டம்ஜேஎஸ் வளர்ச்சி நின்றது.

செலினியம், பிளேரைட், பப்பெட்டியர், சைப்ரஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாலே பல வேறுபாடுகள் புலப்படும். நாம் தனியாகச் சொல்லாவிட்டால் செலினியம் சாளரத்தைத் திறக்கும். நாம் சொல்லாவிட்டால் பிளேரைட்டும் பப்பெட்டியரும் திரையில்லாமல் ஓடும். சைப்ரஸில் 'ரன்' கட்டளை திரையில்லாதது, 'ஓப்பன்' திரையுள்ளது.

"என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் விழுகிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது அளவு. பக்கம் தெரியும் பரப்பு பப்பெட்டியரில் இயல்பாக 800×600, பிளேரைட்டில் 1280×720. 800 அகலத்தில் பல தளங்களின் மெனு மொபைல் வடிவத்துக்குச் சுருங்கிவிடும்; சோதனை தேடும் இணைப்பு மறைந்துபோகும். அளவை எப்போதும் நீங்களே குறிப்பிடுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது, ஓடுவது எந்த உலாவி நிரல் என்பது. பிளேரைட் 1.49 முதல், திரையில்லா ஓட்டத்துக்குத் தனியான 'ஹெட்லெஸ் ஷெல்' நிரலையே இயல்பாகப் பயன்படுத்துகிறது. முழு குரோமியம் (குரோமின் திறமூல அடிப்படை உலாவி) வேண்டுமானால் 'சேனல்' அமைப்பில் 'குரோமியம்' என்று தர வேண்டும்.

சர்வரில் சோதனையை டாக்கரில், அதாவது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்த சூழலில் ஓட்டும் கருவியில், ஓட்டினால் இன்னொன்றையும் பாருங்கள்: அதில் பகிர்நினைவகம் (நிரலின் பகுதிகள் தமக்குள் பகிரும் நினைவகம்) இயல்பாக 64 எம்பி மட்டுமே. கனமான பக்கங்களில் குரோம் நொறுங்கும். '--shm-size' விருப்பத்தில் 1 ஜிபி கொடுங்கள். தமிழ்ப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால், கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.