கொரோனா இறப்பு விகிதம்: மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

2021 ஜூலையில் கேரளத்தில் கொரோனா இறப்பு விகிதம் சுமார் 0.5 சதவீதம், பஞ்சாபில் ஏறக்குறைய 2.7. கேரள மருத்துவமனைகள் ஐந்து மடங்கு மேல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பரிசோதனையில் உறுதியானவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது இது. பரிசோதனை குறைந்தால் லேசான தொற்றெல்லாம் கணக்கில் ஏறாது, விகிதம் வீங்கிவிடும்.

கேரளம் தேடித் தேடிப் பரிசோதித்தது. அந்த ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய நான்காவது ரத்த ஆய்வில், கொரோனாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் இருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம், தமிழ்நாட்டில் 69.2, கேரளத்தில் வெறும் 44.4. தடுப்பூசியால் வந்ததும் இதில் அடக்கம். தினசரிப் பாதிப்பில் முதலிடத்தில் இருந்த மாநிலத்தில்தான் தொற்றுக்குத் தப்பியவர்கள் அதிகம்! அதாவது, வந்த தொற்றில் மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல் பங்கு அங்கே கணக்கில் ஏறியது.

வயதையும் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: அறுபதுக்குக் கீழே இறப்பு 0.2 சதவீதம், மேலே 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 நோயாளிகளில் 1,000 பேர் முதியவர்களாக இருக்கும் மாவட்டத்தில் 58 பேர் இறப்பார்கள். 2,500 பேர் முதியவர்கள் என்றால் 115. சிகிச்சை அச்சு அசலாக ஒன்றே, விகிதம் மட்டும் இரட்டிப்பு. வயதுவாரியாகப் பிரிக்காத ஒப்பீட்டை நம்பாதீர்கள்.

பெரிய கோளாறு இறப்புச் சான்றில்தான். மருத்துவமனை தரும் படிவம் 4இல் முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, கடைசி வரியில் அடிப்படைக் காரணம். மூச்சுத்திணறல், அதற்கு நிமோனியா, அதற்குக் கொரோனா என்று இறங்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவை இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். 'இதயம், சுவாசம் நின்றது' என்று மட்டும் எழுதினால் எல்லா மரணமும் அப்படித்தானே முடிகிறது? அந்தச் சான்றால் பயனில்லை. சர்க்கரை நோயை அடிப்படைக் காரணமாக எழுதிவிட்டாலோ, அது கொரோனாக் கணக்கிலேயே வராது.

இப்படி விடுபட்டவை பிறகு சேர்ந்தபோது எண்கள் குதித்தன. 2020 ஜூலையில் சென்னையில் ஒரே நாளில் 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. பெரு நாடு 2021 மே இறுதியில் தன் கணக்கை சுமார் 69,000இலிருந்து 1,80,000க்கு மேல் திருத்தியது. கேரளமும் 2021 அக்டோபருக்குப் பிறகு பழைய மரணங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தது, அந்த 0.5 அப்புறம் நிலைக்கவில்லை.

இதற்கு மாற்று, எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணங்களை முந்தைய ஆண்டுகளின் அதே மாதச் சராசரியோடு ஒப்பிடுவது. அதிலும் இரண்டு பொறிகள். ஊரடங்கில் பதிவு தாமதமாகும், ஆகவே சமீபத்திய மாதங்களின் எண் எப்போதும் குறைவாகவே தெரியும். இன்னொன்று, மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. திருவள்ளூர்க்காரர் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தால் சென்னையின் பதிவேட்டில் ஏறுவார். மாவட்டங்களை ஒப்பிடும்போது வசிப்பிடவாரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.