‘நைஸ்’ என்றால் மடையன்

ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் ரொம்ப நைஸ்’ என்றால் அவர் முகம் மலரும். 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அன்று அந்தச் சொல்லுக்கு மடையன் என்று பொருள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். சயின்ஸ் என்ற சொல் கிளைத்ததும் இதிலிருந்துதான். முன்னால் ‘நெ’ என்ற எதிர்மறையைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து சுருங்கி, 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர்கூட அசட்டுத்தனத்தைக் குறிக்க இதை எழுதியிருக்கிறார். அதே லத்தீன் சொல்லின் இன்னொரு பிள்ளை ஸ்பானிய மொழியில் ‘நெஸியோ’ என்று வாழ்கிறது. அங்கே மடையன் இன்றும் மடையன்தான்.

சரி, ஆங்கிலத்தில் மட்டும் அவன் எப்படி நல்லவன் ஆனான்?

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதலில் மடையனைக் குறித்த சொல், பிறகு அற்ப விஷயத்துக்கெல்லாம் அளவுக்கு மீறி அலட்டிக்கொள்பவரையும் குறித்தது. இந்தக் கட்டம்தான் முக்கியம். ‘உடை விஷயத்தில் அவர் நைஸ்’ என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்னவர் மனதில் இருப்பது கேலி. கேட்டவருக்கோ, நுணுக்கம் பார்க்கிற ரசனைக்காரர் என்று படுகிறது. இரண்டு பொருளும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்துவதால் திருத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. அடுத்த முறை கேட்டவர் அதையே பாராட்டாகச் சொல்வார். சொற்பொருள் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று சொல்ல அகராதிக்காரர்களே பல இடங்களில் திணறுகிறார்கள்.

நுணுக்கம் பார்ப்பவரிலிருந்து நுணுக்கமான பொருளுக்கும், அங்கிருந்து துல்லியத்துக்கும் சொல் தாவியது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் இன்றும் மிக நுட்பமான வேறுபாடு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இனிமையானது என்ற பொருள் வந்தது. அப்புறம் அன்பானவர் என்பதும் சேர்ந்துகொண்டது.

இப்படி மேலேறுவதை உயர்பொருட்பேறு என்பார்கள். எதிர்த்திசையில் இறங்கிய சொல்லும் உண்டு. ‘ஸில்லி’ பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவரைக் குறித்தது. பேறு பெற்றவர் கள்ளமற்றவரானார், கள்ளமற்றவர் பாவப்பட்டவரானார், கடைசியில் அசடாகிவிட்டார். ஜெர்மானிய உறவுச்சொல் ‘ஸேலிக்’ மட்டும் இன்னும் பழைய மேன்மையோடு இருக்கிறது. தமிழில் நாற்றம் பட்ட பாடும் இதுதான். ஒரு காலத்தில் பூவுக்குரிய சொல் அது.

நைஸ் தமிழுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. ‘துணி நைசாக இருக்கிறது’, ‘நைசாகப் பொடி செய்’ என்னும்போது மென்மையும் நுண்மையும் தெரிகின்றன. ஆனால் ‘நைசாக நழுவிவிட்டான்’ என்கிறோமே, அந்தத் தந்திரம் இன்றைய ஆங்கில நைஸில் கிடையாது. என் காதுக்கு, நைச்சியமாகப் பேசுவதன் சாயலும் அதில் கேட்கிறது.