மையாய் உருகும் காளான்களின் குலமுறை

ஐப்பசி மழை ஓய்ந்ததும் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து வைக்கோல் போர்களின் அடியிலும் சாணக் குப்பைகளிலும் முளைக்கக்கூடிய மெலிந்த சாம்பல் நிறக் காளான்கள், இரவில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கரிய நீராக ஒழுகிவிடும். மைக் காளான் கூட்டத்தைச் சேர்ந்த இந்த இனத்தின் அறிவியல் பெயர் கோப்ரினாப்சிஸ் சினீரியா. வைக்கோல் காளான் வளர்ப்போருக்கு இது படுக்கையில் தோன்றும் களை.

இவ்வாறு உருகுவது அழுகல் அன்று. தொப்பியின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளில் கரிய வித்துகள் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி முதிர்கின்றன. முதிர்ந்தவை உதிர்ந்தவுடன், காளானே சுரக்கும் நொதிகள் அந்த விளிம்பிலுள்ள செல்களின், கைட்டின் என்னும் உறுதியான பொருளாலான சுவர்களைக் கரைத்துவிடுவதால், மேலே உள்ள வித்துகள் தடையின்றி இறங்க வழி பிறக்கிறது. தன்னையே செரித்து வித்துகளைப் பரப்பும் இந்த ஒழுங்கு உண்மையிலேயே வியப்புக்குரியது.

இத்தனை தனித்தன்மையான பண்பு உறவுக்கு அடையாளமாகத்தான் இருக்கும் என்று அறிஞர்கள் நம்பியது இயல்பே. பூஞ்சையியலாளர் பெர்சூன் 1797இல் நிறுவிய கோப்ரைனஸ் பேரினத்துக்குள், கரிய வித்தும் உருகும் தொப்பியும் கொண்டவை பிற்காலத்தில் ஏறத்தாழ அனைத்தும் சேர்க்கப்பட்டன. டி.என்.ஏ. ஒப்பீடு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. பேரினத்தின் மூல இனமான, அதாவது அப்பெயருக்கு அடையாள மாதிரியாக நிற்கும் இனமான, கோப்ரைனஸ் கோமேட்டஸ், கடைகளில் விற்கும் மொட்டுக் காளானின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், மற்றவற்றுள் பெரும்பாலானவை சாதிரெல்லேசியே என்னும் வேறொரு குடும்பத்தவை என்றும் தெரியவந்தது. பேரினப் பெயர் மூல இனத்தோடுதான் நிற்க வேண்டும் என்பது பெயரிடல் விதியாதலால், கோமேட்டஸும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் மட்டுமே பழைய பெயரில் தங்கின. எஞ்சியவை 2001இல் ரெட்ஹெட் குழுவினரால் கோப்ரினாப்சிஸ், கோப்ரினெல்லஸ், பாரசோலா ஆகிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன.

கோமேட்டஸின் காம்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளீடற்ற குழலின் நடுவே நூல் போன்ற இழை ஓடுவதைக் காணலாம். காம்பைச் சுற்றியுள்ள வளையமும் எளிதில் நகரும். பாரசோலாவின் தொப்பி மிக மெல்லியது, குடைபோல மடிப்புகள் கொண்டது. மற்ற இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலும் நுண்ணோக்கி தேவைப்படும்.

உண்ணுவோரும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கோமேட்டஸ் இளமையில் உண்ணத் தக்கது. முன்பு அதே பேரினத்தில் இருந்த கோப்ரினாப்சிஸ் அட்ராமென்டேரியாவிலோ கோப்ரின் என்ற பொருள் உள்ளது. உடலில் மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், அக்காளானை உண்டபின் மது அருந்துவோருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி உண்டாகும்.